கியர் கை

பிப்ரவரி 10, செவ்வாய்

கடும் பனி. காட்டு ரோட்டில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும். ஒரு பக்க வைப்பர்தான் வேலை செய்கிறது. எழுதிக் கொடுத்தாயிற்று. எவன் பார்க்கிறான்.

செங்கல்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம், கோவளம். போய் வந்து, மறுபடி போய் வந்து. டீசல் பரவாயில்லை. இந்த மாதமும் டிப்போவில் என் வண்டிதான் குறைவாகக் குடித்திருக்கும்.

இடது கை மறுபடியும். தோளில் ஆரம்பித்து முழங்கை வரை, உள்ளே பிழிகிற மாதிரி. இரண்டாவது கியரில் மேடு ஏறும்போது. ஓய்வறையில் சொன்னால் சிரிக்கிறார்கள். "அதாம்பா கியர் கை. எவனுக்கு இல்ல?" உண்மைதான். டிரைவர் எல்லோருக்கும் இடது கை வலிக்கும். அலமாரியில் பொதுவாக ஒரு தைல பாட்டில் உண்டு. யார் வாங்கி வைக்கிறார்கள் தெரியாது, தீர்ந்தால் இன்னொன்று வந்துவிடும். தேய்த்துக்கொண்டேன்.

கண்டக்டர் சாதிக்: "அண்ணாத்த, உன் தைல நாத்தத்துல முன் சீட்டுக்காரங்கல்லாம் எழுந்து பின்னால ஓடறாங்கோ." கோவளத்துக்காரன். என்னைவிட வயதில் சிறியவன், வாய் மட்டும் பெரிது.

பிப்ரவரி 12, வியாழன்

வார ஓய்வு. வெயில் சீக்கிரமே வந்துவிட்டது.

சிலிண்டர்காரன் கீழேயே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். மாடிக்கு நானே தூக்கினேன். பாதிப் படியில் அதே வலி. அதே தோள், அதே முழங்கை. இந்தத் தடவை நெஞ்சு நடுவிலும். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். சட்டை நனைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாகவே விட்டது.

வீட்டுக்காரி சரோஜா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கியர் கை, கியர் கைன்னியே. இன்னிக்கி எந்த வண்டிய ஓட்டுன நீ?"



மதியம்: மத்தி மீன் குழம்பு. சரியாக இறங்கவில்லை. துணி துவைத்தது. காக்கிச் சட்டை இரண்டுக்கு பட்டன் தைக்க வேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

காலை ஷிஃப்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி. படூர் பக்கம், கண்ணாடிக் கட்டடம். எங்கள் டிப்போ ஆட்கள் யாரும் அங்கே வர மாட்டார்கள். அதற்காகத்தான் அங்கே.

கவுண்டரில் கேட்டார்கள். பேர்: ஏழுமலை. வயது, ஊர், வேலை. வேலை என்றதும் என் வாய் "மளிகைக் கடை" என்றது. யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. பக்கத்தில் சரோஜா ஒரு பார்வை பார்த்தாள்.  வெளி ஆள் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள். வீட்டுக்கு வந்துதான் சேர்த்து வைத்துக் கொடுப்பாள்.

டாக்டர் ஒரு அம்மா. பொறுமையாகப் பேசினார்.

"எப்ப வலி வருது?"

மளிகைக் கடைக்காரனுக்கு எப்போது வரும்? "ஷட்டர் தூக்கும்போதும்மா."

ஈ.சி.ஜி. சரி. எக்கோ சரி. கிளம்ப எழுந்தேன், உட்கார வைத்துவிட்டார். சும்மா படுத்திருக்கும்போது எடுத்தது நன்றாக இருந்தால் போதாதாம். பாடுபடும்போது வருகிற வலி, அப்போதுதான் பார்க்க வேண்டும். டிரெட்மில்லில் நடக்கச் சொன்னார். என் இடது முட்டி தாங்காது. இத்தனை வருஷம் கிளட்ச் மிதித்த முட்டி. அவரிடம், "மாடிப்படில வுழுந்துட்டேம்மா." ஒரு பொய்க்கு இன்னொன்று துணை.

"நடக்க முடியலன்னா பரவால்ல. இதயத்துக்கு ஒரு சி.டி. எடுத்துடலாம். கைல மருந்து ஏத்தி, ரத்தக் குழாய நேராவே பாக்கறது. ஒண்ணும் இல்லன்னா நிம்மதியா தோளுக்கு வைத்தியம் பண்ணிக்கோங்க. இருந்தா எங்க இருக்கு, எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சிடும். குத்துமதிப்பா மாத்திரை குடுக்க எனக்கு இஷ்டமில்ல."

வீட்டில் சண்டை. "ஆஸ்பத்திரிக்காரங்க இன்னா உன் டிப்போ மேனேஜரா? அவங்க கிட்ட இன்னாத்துக்குப் பொய்யி?"

அவளுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எங்கள் டிப்போ பலராமனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். மெடிக்கல் போர்டு வண்டி ஓட்டக் கூடாது என்றது, பிறகு கேட் டியூட்டி. வண்டி உள்ளே வருவதையும் வெளியே போவதையும் குறிக்கிறான். சம்பளம் அதேதான். ஆனால் நாங்கள் வண்டியோடு தாண்டும்போது எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. டயரைப் பார்க்கிறான்.

அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவன் கழனியில் குனிந்தே கிடந்தவர். நிலத்துக்காரர் எதிரில் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. எனக்கு வேலை கிடைத்ததும் செங்கல்பட்டு ஸ்டாண்டுக்கு வந்து, டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்திருப்பதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஏறி வாப்பா என்றேன். "இரு நைனா, பாத்துகினு கீறேன்" என்றார். அந்த சீட்டைவிட்டு இறங்கச் சொன்னால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? பயமாக இருக்கிறது. சாவைவிட அதுதான் பயம்.

பிப்ரவரி 16, திங்கள்

பனி குறைவு. வைப்பர் அப்படியே.

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. கிட்னி நன்றாக இருக்கிறதாம், மருந்து ஏற்றலாமாம். ஸ்கேன் புதன்கிழமை.

லீவு கேட்டேன். டைம் கீப்பர் குதித்தார். "மாசி மகம் வருது, மாமல்லபுரத்துக்கு ஸ்பெஷல் வுடணும், நீ லீவு கேக்கறியா?" சொந்தத்தில் கல்யாணம் என்றேன். ஒரு நாள் கிடைத்தது. அடுத்த நாள் எப்படியும் ஓய்வு.

திருப்போரூரில் தினமும் ஏறும் பெண் இன்றும். நீலச் சீருடை, மேலே துப்பட்டா. என் பின்னால் இரண்டு வரிசை தள்ளி ஜன்னல் ஓரம். கம்பியில் தலையைச் சாய்த்ததும் தூங்கிவிடும். கேளம்பாக்கத்தில் சாதிக்தான் எழுப்புவான். "யம்மா, ஜங்சன் வந்துச்சு, எழு, எழு." வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கி ஓடும். கண்ணாடியில் எனக்கு எல்லா முகமும் தெரியும். அவர்களுக்கு என் பிடரி மட்டும்தான்.

கேளம்பாக்கம் தாண்டி உப்பளத்து ரோடு. இரண்டு பக்கமும் தண்ணீர். அங்கே வந்தது வலி. இந்த முறை தாடை வரைக்கும். வேகத்தைக் குறைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், "இன்னாபா, மாட்டு வண்டியா ஓட்டற?" ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்காமல் ஓட்டினேன். கோவளத்தில் நிறுத்திய பிறகுதான் ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுத்தேன்.

சாதிக்: "மூஞ்சி இன்னா சாம்பல் கணக்கா கீது?"

"கேஸுடா."

"நீயும் உன் கேஸும்" என்று சுக்குக் காப்பி வாங்கி வந்தான். குடிக்கும் வரை எதிரிலேயே நின்றான்.

பிப்ரவரி 18, புதன்

மேகமூட்டம். காலையிலிருந்து டீ கூடாது, காப்பி கூடாது. அதற்கே பாதி உயிர் போய்விட்டது. சரோஜா பிளாஸ்க்கைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள்.

ஸ்கேன் அறை வாசலில் ஒரு பெண் என் பேரைக் கூப்பிட்டது. நீலச் சீருடை. நிமிர்ந்து பார்த்தேன். அந்த ஜன்னல் பெண். பேட்ஜில் தர்ஷினி என்று இருந்தது. என்னை நேராகப் பார்த்துச் சிரித்தது. யாரென்று தெரியவில்லை அதற்கு. எப்படித் தெரியும்?

நாடி பார்த்தது. "சார், ரொம்ப ஓடுது. அறுபது கிட்ட வந்தாத்தான் படம் ஆடாம வரும்." ஒரு மாத்திரை கொடுத்துக் காத்திருக்கச் சொன்னது. இறங்கவில்லை. இன்னொன்று.

"பயப்படாதீங்க சார். கடையப் பத்தியே நெனச்சிகினு இருக்கீங்களா? கண்ண மூடிக்கோங்க."

ஏதாவது பேச வேண்டுமே என்று, "நீ எங்கருந்தும்மா வர?" என்றேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"திருப்போரூர் சார். காலைல செங்கல்பட்டுலருந்து ஒரு வண்டி வரும், அதுலதான் என் தூக்கமே. மேல படிக்கிறேன், ராத்திரி தூங்க முடியாது. மத்த வண்டில பிரேக் அடிச்சா தலை போய்க் கம்பில இடிக்கும். இந்த வண்டில தெரியவே தெரியாது. நம்பி தூங்கலாம்."

"டிரைவர் யாரு?"

"யாருக்குத் தெரியும். மூஞ்சியப் பாத்ததே இல்ல." சிரித்தது.

நாடி மறுபடி ஏறியிருக்கும். அது பார்க்கவில்லை, நல்ல வேளை.

கொஞ்சம் கழித்து இறங்கியது. வலது கையில் ஊசி. நெஞ்சில் ஒயர்கள். நாக்குக்கு அடியில் ஏதோ தெளித்தார்கள், மண்டை விண்விண் என்றது. படுக்கை அந்த வட்டத்துக்குள் போனது. மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடு, தொண்டையிலிருந்து தொடை வரை. வேட்டியிலேயே போய்விட்டேனோ என்று நினைத்தேன். தர்ஷினி முன்பே சொல்லியிருந்தது, அப்படித்தான் தோன்றும், ஒன்றும் ஆகியிருக்காது என்று. மெஷின் குரல்: மூச்சை இழுக்கவும், நிறுத்தவும். நிறுத்தினேன். மேலே ஏதோ சுற்றியது. மூச்சு விடலாம். அவ்வளவுதான். இதற்கா இத்தனை பயந்தேன்.

போகும்போது தர்ஷினி: "நிறைய தண்ணி குடிங்க சார். கூட்டமா இருக்கற பஸ்ல நின்னுகினு போவாதீங்க."

பஸ்ஸில்தான் போனோம். உட்கார இடம் கிடைத்தது. யாரோ ஒரு சின்னப் பையன் ஓட்டினான். சரியான முரட்டு பிரேக்.

பிப்ரவரி 19, வியாழன்

சாதிக்குக்கு இன்று நோன்பு ஆரம்பம். போனில் சொன்னான். கல்யாணச் சாப்பாடு எப்படி என்றும் கேட்டான்.

ரிசல்ட். டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். என் இதயம். சிவப்பாக, மாங்காய் மாதிரி, மேலே வேர்கள் படர்ந்தது போலக் குழாய்கள். சுற்றிச் சுற்றிக் காட்டினார். வெள்ளைப் புள்ளிகள். "இதெல்லாம் சுண்ணாம்பு படிஞ்சது." முன்பக்கமாக இறங்கும் பெரிய குழாய், ஆரம்பத்திலேயே, முக்கால்வாசி அடைப்பு. எனக்கு உடனே புரிந்தது. மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த ஓ.எம்.ஆர். ரோடு மாதிரி, எல்லா வண்டியும் ஒரே சந்தில்.

கியர் கை இல்லை.

சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்கள் முன்னால் அப்படிச் செய்பவள் இல்லை.

"பயப்பட வேணாம். முன்னாடியே பாத்துட்டோம், அதான் இந்தப் படத்தோட லாபம். சும்மா இருக்கும்போது வலி வரல, அதனால இன்னிக்கே படுக்க வைக்கல. அடுத்த வியாழன் வந்து அட்மிட் ஆயிடுங்க. ஆஞ்சியோ பண்ணி, தேவைப்பட்டா அங்கயே ஸ்டென்ட். அதுவரைக்கும் இந்த மாத்திரைங்க. வலி வந்தா உடனே உக்காந்து இத நாக்குக்கு அடில வெச்சிக்கோங்க. அப்பவும் குறையலன்னா ஆம்புலன்ஸ்."

"வேலைக்குப் போலாமாம்மா?"

"கடைல உக்காந்து பாக்கற வேலைதானே? போங்க. ஷட்டர மட்டும் வேற யாராவது தூக்கட்டும்."

"தம்பி தூக்குவாரும்மா" என்றாள் சரோஜா. கடையே இல்லை, தம்பி ஷட்டர் தூக்குவாராம்.

வெளியே வந்தேன். உள்ளுக்குள் ஒரு கணக்கு. என் வேலையும் உட்கார்ந்து பார்ப்பதுதான். போகலாம் என்று சொல்லிவிட்டார். புதன் வரைக்கும் ஓட்டினால் போதும், பிறகு சொந்தத்தில் இன்னொரு விசேஷம் என்று லீவு எழுதிக் கொடுத்து, சத்தமில்லாமல் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடலாம்.

பஸ் ஸ்டாப்பில் இதைச் சொன்னேன். சரோஜா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தம்மா கடைக்காரனுக்கு வைத்தியம் பாத்துச்சு. உனக்கு இன்னும் பாக்கல."

பிப்ரவரி 20, வெள்ளி

போனேன். சரோஜா டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கவில்லை. மேடைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே அழுதாள் என்று தெரியும். தெரிந்தும் போனேன்.

பனி. மாத்திரைகள் சட்டைப் பையில். நாக்கு மாத்திரை தனியாக, கைக்கு எட்டும்படி. வலி இல்லை. உப்பளத்து ரோட்டிலும் இல்லை. நான்கு நடையும் சுத்தமாக முடிந்தது.

திருப்போரூரில் அந்தப் பெண் ஏறியது. அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினேன். டிரெயினிங்கில் முதலில் சொல்லிக் கொடுத்ததே கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டாதே என்பதுதான்.

பிப்ரவரி 21, சனி

வெயில். வைப்பர் சரிசெய்துவிட்டார்கள். இன்றைக்கு.

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

திருப்போரூர் ஸ்டாண்ட். நல்ல கூட்டம். கந்தசாமி கோயிலுக்கு வந்தவர்கள், காலேஜ் பிள்ளைகள். தர்ஷினி ஏறி, அதே ஜன்னல், முடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கம்பியில் சாய்ந்தது. இன்று பார்த்தேன். வண்டி கிளம்பும் முன்பே தூங்கிவிட்டது. நம்பி தூங்கலாம் என்று சொன்ன பெண்.

சாதிக் இரண்டு விசில் கொடுத்தான். ரைட்.

நான் எடுக்கவில்லை.

வலி எதுவும் இல்லை. அதை எழுதி வைக்க வேண்டும். கை நன்றாக இருந்தது, நெஞ்சு நன்றாக இருந்தது, கியரைத் தொட்டேன், போட முடியவில்லை. மறுபடி இரண்டு விசில். பின்னாலிருந்து சத்தம். "இன்னா டிரைவரே, தூக்கமா?" "டைம் ஆவுது எடுப்பா!" ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தேன். போட்டபடிதான் இருந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டேன்.

சாதிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். "இன்னா அண்ணாத்த?"

"எனக்கு நெஞ்சுல அடைப்புடா. படம் எடுத்துப் பாத்துட்டாங்க. கல்யாணமெல்லாம் பொய்யி."

அவன் முகம் போன போக்கு.  பிறகு, "நேத்து நாலு நட ஓட்டுனியே" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்டாண்டு டைம் கீப்பர் ஓடி வருவது தெரிந்தது. சாதிக்கிடம் மெதுவாக, "வண்டி கோளாறுன்னு சொல்லிடு" என்றேன். அப்போதும் அந்தப் புத்தி.

"நோன்பு வெச்சிகினு கீறேன் அண்ணாத்த. இந்த வாயால பொய் சொல்லச் சொல்றியா? நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."

நின்றான். தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான்.

"வண்டி நல்லாத்தான் கீது சார்" என்றேன். "எனக்குத்தான் ஒடம்பு சரியில்ல. நான் ஓட்டக் கூடாது." சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. ஸ்டாண்டு நடுவில், காக்கிச் சட்டையோடு. டைம் கீப்பர் கத்த வந்தவர், தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

எல்லோரையும் அடுத்த வண்டிக்கு மாற்றினார்கள். திட்டிக்கொண்டே இறங்கினார்கள். தர்ஷினியை சாதிக் எழுப்பினான். தூக்கக் கலக்கத்தில், "அய்யோ, டியூட்டி லேட்டு" என்று என்னைத் தாண்டி ஓடியது. திரும்பிப் பார்க்கவில்லை.

சீட்டில் விரித்திருந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டு இறங்கினேன். கீழே நின்று அந்த சீட்டைப் பார்த்தேன். அப்பா நின்று பார்த்தது போல.

பிப்ரவரி 22, ஞாயிறு

சரோஜா கோழி வாங்கி வரவில்லை. கீரை, ரசம். எண்ணெய் இனிமேல் பார்த்துத்தானாம். துண்டைத் துவைத்துப் போட்டாள்.

சாதிக் மூன்று தடவை போன். "மாத்திர போட்டியா?" ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி.

பலராமனுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "கேள்விப்பட்டேன் மச்சான்" என்றான்.  "மொதல்ல உசுரு. அப்பால பாத்துக்கலாம்" என்றான். கேட் டியூட்டி எப்படி இருக்கிறது என்று இத்தனை நாளில் நான் அவனைக் கேட்டதே இல்லை. இன்றும் கேட்க வரவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

வெயில். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. சரோஜா கூடவே.

கவுண்டரில், "வேலைய மாத்தி எழுதணும்மா. மளிகைக் கடை இல்ல. கவர்மென்ட் பஸ் டிரைவர்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோபம்தான். "அம்பது அறுபது பேரப் பின்னால உக்கார வெச்சிகிட்டு ஓட்டறவருக்கு நான் வியாழக்கிழமை வரைக்கும் வேலைக்குப் போன்னு சொல்வேனா? படம் சரியாத்தான் சொல்லுச்சு. நீங்கதான் சொல்லல." பிறகு குரலை இறக்கி, கடைசியாக எப்போது வலி, எந்த ரோட்டில், எந்த கியரில் என்று எல்லாம் கேட்டார். இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். தாடை வரை ஏறியதையும் சொன்னேன். ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. நாளைக்கே அட்மிட். ஸ்டென்ட் வைத்த பிறகு, எப்போது ஓட்டலாம், ஓட்டலாமா என்பதைப் பார்த்துச் சொல்வாராம். அந்த "ஓட்டலாமா"வைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரோஜா மருந்து வாங்கப் போனாள். ஸ்கேன் அறை வாசல் பெஞ்சில் நான். தர்ஷினி வெளியே வந்தது.

"சார், வந்துட்டீங்களா? கடைய யாரு பாத்துக்கறாங்க?"

"கடை கிடையாதும்மா. நான் டிரைவர். செங்கல்பட்டு வண்டி. காலைல நீ ஏறுவியே, அது."

நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தது. முகத்தில் என்ன தெரியும் அதற்கு. தினமும் பார்த்தது என் பிடரியைத்தானே.

"கொஞ்சம் எழுந்து திரும்புங்க சார்."

எழுந்து திரும்பி நின்றேன்.  பிறகு, "சனிக்கிழமை அதனாலதான் எடுக்கலயா?" என்று கேட்டது. வெள்ளிக்கிழமை நான் ஓட்டியதைக் கேட்கவில்லை.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதிரில் கண்ணாடியும் இல்லை.